உள்ளங்காலின் சூடு

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மணி அடிப்பார்கள், இரு அணியையும் பாராட்டுவார்கள், கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்குத் தீர்ப்புச் சொல்லும் கடமை இல்லை. கேட்டதை மறக்காமல் இருந்தால் போதும். நான் ஒருவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை நிறைவேற்ற வேண்டிய நாளில் என்னைச் சுற்றி அவசரப்படுத்தும் குரல்கள் நிறைய இருக்கும். அப்போது, இவன் வாக்குக் கொடுத்தவன் என்று அறிந்தவர்கள் எங்கள் ஊருக்கு வெளியிலும் சிலர் இருக்க வேண்டும்.

நான் பேச்சாளன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கோயில் திருவிழா, பொங்கல் விழா, பள்ளி ஆண்டுவிழா என்று எங்கள் பக்கத்தில் எங்கே பட்டிமன்றம் நடந்தாலும் அணியின் கடைசிப் பேச்சாளராக என்னைத்தான் போடுகிறார்கள். வீட்டுக்குப் போக எழுந்துவிட்ட கூட்டத்தை மறுபடியும் உட்காரவைக்க வேண்டியவர் கடைசிப் பேச்சாளர். குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எதிரணி சொன்னதை எந்தக் கணத்தில் அவர்கள் மீதே திருப்புவது என்பதெல்லாம் எனக்குக் கைவந்தவை. ஆனால் பயிற்சியில் நான் முதலில் கற்ற பாடம் நாவைப் பற்றியது அன்று, காலைப் பற்றியது. மேடையில் பாதங்களைச் சற்று அகட்டி ஊன்ற வேண்டும். சேர்த்து வைத்து நிற்பவன் தடுமாறுவான்.

சேர்த்து வைக்கப்பட்ட இரண்டு பாதங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வடவாற்றுப் பாசனத்தில், மன்னார்குடிக்குப் பேருந்தில் போய்வரும் தொலைவில் எங்கள் ஊர். கார்த்திகை மழை விடாமல் பெய்து சம்பாப் பயிர் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டு அப்பா வீடு திரும்பினார். வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்தார். நெஞ்சை அடைக்கிறது என்றார். அவருடைய கடைசிச் சொற்கள் அவ்வளவுதான். அவற்றுக்கு மெருகேற்ற நான் விரும்பவில்லை. தலைமாட்டில் நின்று நான் ஆம்புலன்சுக்குப் பேசினேன். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் அவருடைய வலக்கை. நான் வழி சொல்லச் சொல்ல அந்தக் கை குளிர்ந்துகொண்டே போயிற்று. வண்டி வந்தது. வந்தவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், மார்பில் கருவியை வைத்துக் கேட்டார், கண்ணைத் திறந்து விளக்கடித்தார், பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதற்குள் வந்துசேர்ந்திருந்த பெரியப்பா, வெள்ளை வேட்டி ஒன்றின் ஓரத்தைக் கிழித்தார். உயிர் பிரிந்ததும் தாடையைக் கட்டுவதும் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதும் எங்கள் வழக்கம். உடல் விறைப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அந்தக் காரியத்தில் எப்போதும் ஓர் அவசரம் உண்டு.

"காலைச் சேத்துப் பிடிடா" என்றார் பெரியப்பா.

பிடித்தேன். விரலிடுக்கில் வயல் சேறு காயாமல் இருந்தது. உள்ளங்கால் சூடாக இருந்தது.

பெண்கள் இருவர் தோளைப் பிடித்து விலக்கிக்கொண்டிருந்த அம்மா, அவர்களை மீறி வந்து அப்பாவின் காலைத் தொட்டுப் பெரியப்பாவிடம் சொன்னார்: "சூடா இருக்கு மாமா. கால் சூடா இருக்கு. கட்டாதீங்க."

"அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா முடிச்சை இறுக்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த முடிச்சும் தங்கவில்லை. கீரைக்கட்டு வாசலில் வந்து இறங்கியவுடன் அம்மா அதை அவிழ்த்துப் பரப்பினார். கொடிக்கயிறு அவிழ்க்கப்பட்டு, துவைத்த துணிகள் தரையில் கிடந்தன. நான் போடாமல் மூலையில் வைத்திருந்த காலணிகளின் கயிறுகள்கூட உருவப்பட்டிருந்தன. அடுத்த குறுவைக்கு நாற்றுமுடிகள் வந்து வாய்க்கால் ஓரத்தில் இறங்கியபோது, நடவுப் பெண்கள் வருவதற்குள் அவர் முடிமுடியாக எடுத்துக் கட்டவிழ்த்துக்கொண்டிருந்தார். பாதி நாற்று தண்ணீரோடு போய்விட்டது.

"ஏன்க்கா, இந்த வருசம் வாய்க்காலுக்கும் சேத்து நடவு போடுறீங்களா?" என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நிமிரவில்லை. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்று இன்று நினைக்கிறேன்.

முடிச்சுகளை அவிழ்ப்பதோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். ஆனால் அவர் தூங்குவதையே நிறுத்திவிட்டார். கண்ணயர்ந்தால் உடனே திடுக்கிட்டு எழுந்து, தம் கால்விரல்களைப் பிரித்துப் பார்ப்பார். சர்க்கரை ஏறியது, ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்படியே விட்டால் அடுத்து விழப்போவது இவர்தான் என்று என்னிடம் தனியே சொன்னார். மாத்திரைகள் அட்டையிலேயே இருந்தன.

"ஏம்மா போடலை?"

"போட்டா அசந்து தூங்கிருவேன்ல."

"அதுக்குத்தானேம்மா கொடுத்திருக்காரு."

"அசந்து கிடந்தா, இவளும் போயிட்டான்னு கட்டிருவீங்க. உங்கப்பாவுக்குக் கட்டலையா?"

நான் வாதிட்டேன். வேறென்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். உயிர் போன பிறகும் உடல் சில மணி நேரம் சூடாக இருக்கும் என்றேன். இதயம் நின்றதைக் கருவி சொன்னது என்றேன். கண்ணின் கருமணி விளக்குக்குச் சுருங்கவில்லை என்றேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு கையை நீதானே பிடிச்சிருந்தே?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"சில்லுன்னு இருந்துச்சு."

"கை சில்லுன்னு இருக்கு. கால் மட்டும் எப்படிடா சூடா இருக்கும்?"

நெஞ்சிலிருந்து கடைக்கோடியில் இருப்பது பாதம்; அதுதான் முதலில் ஆறியிருக்க வேண்டும். அதுவும் மழைத் தண்ணீரில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்த பாதம். என்னுடைய எல்லா வாதங்களும் பொதுவாக உடலைப் பற்றியவை. அம்மாவின் கேள்வியோ அந்த இரண்டு பாதங்களைப் பற்றியது. நான் மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், இன்னும் அழகாக. முடித்ததும் அவர் சொன்னார்: "நல்லாப் பேசுறே."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் திருப்பிக் கொடுத்துவிட விரும்பியது அது ஒன்றைத்தான். ஏனென்றால் அந்தச் சூட்டை நானும் அறிந்திருந்தேன். மேடையில் எதிரணி பேசிக்கொண்டிருக்கும்போது, மடியில் வைத்த என் உள்ளங்கைகள் திடீரென்று வெதுவெதுக்கும். இரண்டு குதிகால்களின் எடை அவற்றில் வந்து அமரும். நான் கைகளை மேசைக்கு அடியில் வேட்டியில் துடைத்துக்கொள்வேன்.

அம்மாவைத் தூங்கவைக்க வழி சொன்னவர் சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். முடிச்சு போட்ட பிறகே அந்தக் கால்களைக் கண்டவர். தொலைபேசியில் சொன்னார்: "அம்மாவை ரிஃப்ளெக்சாலஜிக்குக் கூட்டிட்டுப் போடா. பாதத்துல அழுத்தம் கொடுப்பாங்க. இங்க தெருவுக்குத் தெரு இருக்கு. வேலை முடிஞ்சு போய்க் காலைக் கொடுத்துட்டு உக்காந்தேன்னா அப்படியே கண்ணைச் சொக்கும். மன்னார்குடியிலயும் ஒருத்தங்க பண்றாங்களாம், விசாரிச்சுட்டேன்."

"உள்ளங்கால்ல ஈரல் இருக்கு, மூக்கு இருக்குன்னு சொல்லுவாங்களே, அதை நான் நம்பணுமா?"

"உன்னை யாரு நம்பச் சொன்னா? காலு அம்மாவோடது. நீ வாயை மூடிட்டுப் பஸ்ல கூட்டிட்டுப் போ. வாயை மூடுறதுதான் உனக்குக் கஷ்டம், தெரியும்."

எனக்கு அப்போது ஒரு பட்டிமன்றம் காத்திருந்தது. தலைப்பு: மாற்று மருத்துவம் மக்களுக்கு வரமா, வணிகமா? நான் வணிகமே என்னும் அணி. அம்மாவுக்காகப் பாதி, குறிப்பெடுக்கப் பாதி என்று கிளம்பினேன்.

பெரிய தெப்பக்குளத்துக்குச் சற்றுத் தள்ளி, உரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாய்வு நாற்காலி, அதன் முன்னால் ஒரு முக்காலி. சுவரில் இரண்டு உள்ளங்கால்களின் படம். பெருவிரலில் தலை, அதற்குக் கீழே நுரையீரல், நடுவில் வயிறு என்று நிறம் நிறமாகப் பிரித்திருந்தார்கள், வயல்களின் எல்லைகளைக் காட்டும் எங்கள் ஊர்ப் புலவரைபடத்தைப் போல. சிகிச்சை செய்பவர் நடுவயதுப் பெண். சென்னையில் படித்து வாங்கிய சான்றிதழைச் சட்டமிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

"சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறாங்களா? அதை நிறுத்தக் கூடாது. கால்ல புண்ணு, மரமரப்பு ஏதாச்சும் இருக்கா?" என்று முதலில் என்னிடம் கேட்டார். அம்மாவின் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். "இதனால நோய் போகும்னு நான் சொல்ல மாட்டேன். உடம்பு தளரும், தூக்கம் வரலாம். அவ்வளவுதான்."

என் குறிப்புகளில் ஒன்று அங்கேயே அடிபட்டது. வணிகம் செய்பவர் இவ்வளவு குறைத்துச் சொல்லக் கூடாது.

அவர் முக்காலியில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தபோது அம்மா காலை இழுத்துக்கொண்டார். "ஏம்மா, என் காலை உன் மடியில வைக்கவா? பாவம்மா."

"அப்படிப் பாத்தா நான் சம்பாதிக்கிறது பூராப் பாவம்தாம்மா. வைங்க."

அம்மாவின் முகத்தில் சிரிப்புப் போன்ற ஒன்று வந்தது. காலை வைத்தார். அந்தப் பெண் வெந்நீர்த் தட்டில் துணியை நனைத்துப் பாதங்களைத் துடைத்தார். பிறகு, இந்தச் சிகிச்சையை அப்படித்தான் தொடங்குவார்களாம், இரண்டு பாதங்களையும் ஒன்று சேர்த்து, இரு பெருவிரல்களையும் தம் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினார்.

அம்மா உதைத்தார். தண்ணீர்த் தட்டு கவிழ்ந்தது. நாற்காலியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, காலை முடிந்தவரை அகட்டி வைத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: "கட்டாதீங்க. நான் இருக்கேன்."

அந்தப் பெண்ணின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தரையைத் துடைத்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு காலை மட்டும் கொடுங்கம்மா. இன்னொண்ணு தரையில ஊனியே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் நீங்க எந்திரிச்சுப் போயிரலாம். சரியா?"

வெகுநேரம் கழித்து அம்மா வலது காலைக் கொடுத்தார்.

கட்டைவிரலை மடக்கி, புழு ஊர்வதைப் போல நகர்த்திக்கொண்டு அவர் பாதம் முழுவதும் அழுத்திப் போனார். குதிகாலில் பிளவுகள், நாற்றங்காலில் நின்று நின்று கறுத்த நகங்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அழுத்துறது கால்ல. பலன் மனசுல. அப்ப இந்தப் படம் எதுக்குங்க?"

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"பட்டிமன்றத்துல பேசுறேன்."

"அதான் மைக் இல்லாமலே இவ்வளவு சத்தம்." அவர் கை நிற்கவில்லை. "படத்துல இருக்கிறது எல்லாமே அப்படியேதான் இருக்குமான்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது. காலைப் பிடிச்சா மனுசங்க மூச்சு மாறுது. அதை நீங்களே பாக்கலாம். அம்மாவைப் பாருங்க."

பார்த்தேன். அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. தோள்கள் இறங்கியிருந்தன. ஆனால் தரையில் ஊன்றிய இடது கால் மட்டும் ஓடத் தயாராக இருந்தது. வலது கால் முடிந்ததும் கால் மாற்றிக் கொடுத்தார். அவரே கொடுத்தார்.

எல்லாம் முடிந்து அந்தப் பெண் கை கழுவ உள்ளே போனபோது, அம்மா குனிந்து செருப்பைத் தேடினார். தேடிய கை பாதத்தில் பட்டது. அங்கேயே நின்றது. மறுபடியும் தொட்டார், இம்முறை உள்ளங்காலை, உள்ளங்கையால். பிறகு அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"கை சில்லுன்னு இருக்கு" என்றார். "கால் மட்டும் சூடா இருக்கு."

அந்தச் சொற்களை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், எப்போதும் கேள்வியாக.

துண்டில் கையைத் துடைத்தபடி வந்த பெண்ணுக்கு எதுவும் தெரியாது. "ஏசி போட்டிருக்குல்ல, கை ஆறிருக்கும். கால்ல இருக்கிறது என் கைச்சூடும்மா. இவ்வளவு நேரம் தேச்சேன்ல, நான் விட்டாலும் கொஞ்ச நேரம் நிக்கும்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேருந்து வந்தது, ஏறினோம், சன்னலோரம் அவர் உட்கார்ந்தார். வண்டி ஊரைத் தாண்டி, இருபுறமும் அறுவடை முடிந்த தாள் நிற்கும் வயல்களுக்கு நடுவே போகத் தொடங்கியபோதுதான் பேசினார்.

"அன்னைக்கு நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"கால்மாட்டுல."

"என்ன பண்ணிட்டிருந்தேன்?"

நான் நினைத்துப் பார்த்தேன். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நான் கத்தியது நினைவிருக்கிறது. வாசலுக்கு ஓடியது நினைவிருக்கிறது. கட்டிலின் மறுகோடியில், என் பார்வையின் ஓரத்தில், ஒரு முதுகு குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தது. சுக்குத்தூளின் நெடி. யார் மயங்கி விழுந்தாலும் உடல் குளிர்ந்தாலும் எங்கள் வீடுகளில் செய்வதுதான்: உள்ளங்காலில் சுக்குத்தூளை வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பது. அதுவும் அம்மா, வயலிலிருந்து வந்த அப்பாவின் காலைத் தினமும் அமுக்கிவிட்டவர். தம் கைகள் அங்கே இருந்ததையே அவர் ஒரு நிகழ்ச்சியாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அந்தப் பகலைப் பற்றி நாங்கள் இத்தனை முறை வாதிட்டிருக்கிறோம். அந்தத் தேய்ப்பு ஒருமுறைகூட எங்கள் பேச்சில் வரவில்லை.

"நீ அவரு காலைத் தேச்சுட்டிருந்தேம்மா" என்றேன்.

"எதுவரைக்கும்?"

"அந்தப் பொம்பளைங்க உன்னைத் தூக்கி விலக்குற வரைக்கும்."

அம்மா தம் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார். மீன்கூடையோடு ஏறிய ஒருவர் நகரச் சொல்லியும் நகரவில்லை.

"அப்ப அது என் சூடுதானா?"

"அப்படித்தாம்மா இருக்கணும்."

"இருக்கணும்னு சொல்றே. இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேங்கிறே."

மேடையில் என்றால் சொல்லியிருப்பேன். ஐயமின்றிச் சொல்கிறேன் என்று தொடங்கி, கைத்தட்டல் விழும் இடம் வரை கொண்டுபோயிருப்பேன். ஆனால் என் உள்ளங்கைகள் அப்போதும் வெதுவெதுத்தன. அது அம்மாவின் கைச்சூடா, அப்பாவினுடையதா என்று அந்தத் தோலால் சொல்ல முடியாது. இன்றும் சொல்ல முடியாது. இந்த ஒன்றை நான் சாகும்வரை தெரிந்துகொள்ளப்போவதில்லை.

"எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா" என்றேன்.

அம்மா தலையசைத்தார். இத்தனை மாதங்களில் நான் சொன்னவற்றில் அவர் நம்பியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. வெளியே பார்த்தபடி, "அவருக்கு முடிஞ்சு போச்சு" என்றார். பிறகு, "எனக்கு இந்த மாத்திரையைப் போட்டுக்கலாம்னு ஆசையாத்தான் இருக்கு. தூங்கி எவ்வளவு நாளாச்சு. ஆனா உங்க பெரியப்பா இருக்காரே, அவருக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றார்.

அவர் எதையும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. செருப்பைக் கழற்றிய அவருடைய பாதங்கள், பேருந்தின் தரையில், ஒன்றையொன்று தொடாமல் தள்ளித்தள்ளி இருந்தன. நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. வாக்குக் கொடுப்பதை நின்று செய்தே பழகியிருக்கிறேன். ஓடும் பேருந்தில் பாதங்களை அகட்டி ஊன்றினேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். வந்ததோ மேடைக்குரல். நடத்துநர் திரும்பினார், மீன்கூடைக்காரர் திரும்பினார், கடைசி இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்தார்கள். அவர்களும் சாட்சி, இப்போது நீங்களும்.

"அம்மா, நீ மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கு. உன் காலை யாரும் கட்ட மாட்டாங்க. அந்த நாள் வந்தா உன் கால்மாட்டுல நான்தான் உக்காந்திருப்பேன். யார் கையும் படாம, யாரையும் தேய்க்க விடாம, ரெண்டு காலையும் தனித்தனியா வச்சிருப்பேன். பெரியப்பா வந்தாலும் சரி, ஊரே வந்து அவசரப்படுத்தினாலும் சரி, உன் கால் தானா ஆறுற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."